கோளாறு வாத்தியார்

சாப்பாட்டு மணி அடித்துப் பட்டறை காலியானதும் அந்த மனிதர் பூனை மாதிரி உள்ளே வந்தார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். பெஞ்சில் இரட்டைப் பிள்ளைகள் போல இரண்டு படகு எஞ்சின்கள் மாட்டியிருந்தன. கதவோரம் இருந்த எஞ்சினின் பெட்ரோல் டேங்க் மூடியைக் கழற்றினார்.

அந்த மூடியின் நடுவில் காற்று போவதற்கு ஊசி நுழையும் அளவில் ஒரு ஓட்டை இருக்கும். சட்டைப் பையிலிருந்து கறுப்பு மெழுகை எடுத்து உருட்டி அந்த ஓட்டையை அடைத்தார். மூடியைத் திரும்பத் திருகிவிட்டு, ஒரு பாவமும் அறியாத முகத்தோடு சாப்பிடப் போனார்.

எதிரி நாட்டு உளவாளி என்று நினைத்துவிட வேண்டாம். கடற்படைப் பொறியாளர்களைத் தயார் செய்யும் அந்தக் கரைத் தளத்தில் அவர்தான் மூத்த வாத்தியார். நல்ல எஞ்சினைக் கெடுத்து வைப்பதும், எங்கே கெட்டிருக்கிறது என்று பயிற்சிக்கு வந்தவர்களைக் கண்டுபிடிக்கச் சொல்வதும் அவருடைய உத்தியோகம். 'கோளாறு வாத்தியார்' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

மெழுகு வேலை அவருடைய பிரம்மாஸ்திரம். எஞ்சின் சமர்த்தாக ஸ்டார்ட் ஆகும். சற்று நேரம் ஓடியதும், டேங்குக்குள் காற்று போக வழியில்லாமல் பெட்ரோல் இறங்காது. எஞ்சின் மூச்சுத் திணறி நின்றுவிடும். இதுவரை ஒருத்தரும் அதைக் கண்டுபிடித்ததில்லை என்பதில் மனிதருக்கு ஏகப் பெருமை.

இந்த முறை மாட்டியது எலி. எந்த இண்டு இடுக்கிலும் கையை விட்டு நட்டைக் கழற்றிவிடுவாள் என்பதால் கூடப் படிப்பவர்கள் அவளுக்கு வைத்த பெயர் அது. ஏற்கெனவே இரண்டு தடவை இந்தத் தேர்வில் கோட்டை விட்டிருந்தாள். இன்றும் தவறினால் எஞ்சின் பிரிவிலிருந்து தூக்கி, போர்வையும் சோப்பும் எண்ணிக் கொடுக்கும் ஸ்டோரில் போட்டுவிடுவார்கள்.

அவள் வந்தபோது பெஞ்ச் காலியாக இருந்தது. உதவியாளர்கள் எஞ்சினைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கித் தயாராக வைத்திருந்தார்கள். வாத்தியார் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"கமாண்டரும் வர்றதா இருந்தது. அவரோட மாமியார் வந்திருக்காங்களாம், துறைமுகத்தைச் சுத்திக் காட்டப் போயிட்டார். உன் நல்ல நேரம், நீ முழிக்கறதை நான் மட்டும்தான் பாக்கப் போறேன். ஆரம்பி."

எலி பிளக்கைக் கழற்றிப் பார்த்தாள். பெட்ரோல் குழாயை ஊதிப் பார்த்தாள். கார்புரேட்டரைப் பிரித்துத் துடைத்து மறுபடி பூட்டினாள். டேங்க் மூடியைக்கூட விடவில்லை, திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கறுப்பு மூடியில் கறுப்பு மெழுகு எங்கே தெரியப் போகிறது என்று வாத்தியார் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார்.

"என்னம்மா, கோளாறு கெடைச்சுதா?"

எலி கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள். 'பிளக் அழுக்கு, அது இதுன்னு எதையாவது அடிச்சு விடு' என்றுதான் தோழிகள் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஆனால் நன்றாக இருக்கிற எஞ்சின்மேல் பழி போட அவளுக்கு மனசு வரவில்லை.

"இந்த எஞ்சின்ல ஒரு கோளாறும் இல்ல சார்."

வாத்தியார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "என் கையால வச்சேன்மா. என்கிட்டயே இல்லைங்கறியே. சரி, ஓட விடு. அதுவே சொல்லும்."

எலி கயிற்றை இழுத்தாள். எஞ்சின் உடனே பிடித்துக்கொண்டது. தொட்டித் தண்ணீர் தளதளவென்று குதித்தது.

"இப்ப நிக்கும் பாரு" என்றார் வாத்தியார்.

நிற்கவில்லை.

"குழாயில கொஞ்சம் மிச்சம் இருக்கும். அது தீரட்டும்" என்றார். எஞ்சின் பாட்டுக்கு ஓடியது. தொட்டித் தண்ணீர் தெறித்து அவருடைய பூட்ஸ் நனைந்ததுதான் மிச்சம். பொறுக்க முடியாமல் அவரே எழுந்து எஞ்சினை அணைத்தார். மூடியைக் கழற்றி ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். ஓட்டை வழியே பளிச்சென்று வெளிச்சம் வந்தது.

"எடுத்து எங்க போட்ட?"

"எதை சார்?"

"நடிக்காத. யாரோ உனக்கு முன்கூட்டியே சொல்லிக் குடுத்திருக்காங்க. நைசா எடுத்துப் போட்டுட்டு கோளாறே இல்லைன்னு கதை விடறியா? தேர்வை விடு, இந்தத் தளத்தை விட்டே உன்னை அனுப்பறேன்."

எலிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "நான் எதையும் எடுக்கல சார். நீங்க என்ன வச்சீங்கன்னே எனக்குத் தெரியாது."

"அதைக் கமாண்டர்கிட்ட சொல்லு" என்று வாத்தியார் சுவரில் மாட்டியிருந்த வயர்லெஸ்ஸைக் கையில் எடுத்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் அதுவே கரகரத்தது. பேசியது கமாண்டர். பின்னால் காற்று இரைந்தது.

"பட்டறையா? நடுத் துறைமுகத்துல நிக்கறோம். மத்தியானம் பசங்க உங்க பெஞ்சிலேர்ந்து கழட்டிட்டு வந்து மாட்டின எஞ்சின், பாதி வழியில படுத்துருச்சு."

வாத்தியார் காலி பெஞ்சைப் பார்த்தார். எலியைப் பார்த்தார். குரல் உள்ளே போய்விட்டது.

"கோளாறு என்னன்னு... ஏதாவது தெரிஞ்சுதா சார்?"

"மூடி ஓட்டையில மெழுகு வச்ச புண்ணியவான் யாருன்னு என் மாமியார் கேக்கறாங்க."