புலிக்கு வால் வேண்டும்

சனிக்கிழமை துவைத்ததில் புலிச் சட்டையின் வால் பிய்ந்துவிட்டது. ஞாயிறு மாலை மாறுவேடப் போட்டி. வால் இல்லாத புலியைக் குழந்தை மகிழினி போட்டுக்கொள்வாளா? சட்டைக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"அக்கா, ரெண்டே ரெண்டு தையல்!" என்று தையல் மிஷினிடம் கெஞ்சியது.

"திரைச்சீலை மூணு கிடக்கு. பொறு."

ஞாயிறு மதியமும் போய்க் கேட்டது.

"இப்பத் தலையணை உறை. வாலை வச்சுக்கிட்டு ஈ ஓட்டப் போறியாக்கும்?"

மணி நாலாயிற்று. "முயல் சட்டையைப் போட்டுக்கோ," என்றாள் அம்மா. மகிழினி புலியைக் கட்டிக்கொண்டு அழுதாள். அதைப் பிடுங்க அம்மா கை நீட்டினாள். புலி நடுங்கியது.

"நடுங்கினா வால் முளைக்குமா? திரும்பி நில்லு!" என்று ஒரு குரல் புலியை அதட்டியது. முதுகில் சுருக்கென்றது. பிய்ந்த வால் பழைய இடத்தில் ஒட்டி நின்றுவிட்டது.

குத்தியது, அம்மாவின் வளையலில் தொங்கிய ஊக்கு.