எண்ணெய் தேய்த்த ஏற்றம்

எங்கள் பழைய மலை ரயிலின் தண்டவாளம் துருவேறிக் கிடந்ததைப் பார்க்கப் பாவமாக இருந்தது. மலையேற்றத்தில் தண்டவாளம் முழுக்க எண்ணெய் தடவிவிட்டேன். மறுநாள் காலை நீராவி எஞ்சின் ஏற முடியாமல் நின்ற இடத்திலேயே சக்கரத்தைச் சுழற்றியது. ஓட்டிப் பார்த்து அனுமதி தர அன்று மதியம் ரயில்வே அதிகாரி வருவதாக இருந்தது. மாசிப் பனியில் ரயிலைப் பராமரிக்கும் தன்னார்வலர்கள் ஒன்பது பேரும் மண்டியிட்டு, மணலும் சாக்குமாகத் தேய்த்தோம்.

“எண்ணெய் தேய்ச்சாச்சு. சாம்பிராணி எப்ப சார்?” என்றார் ஓட்டுநர் தேவசகாயம்.

எல்லோரையும்விடச் சத்தமாக நான்தான் சிரித்தேன். பிறகு எங்கள் தலைவி ஸ்டெல்லாவிடம் மூன்றாவது முறையாகக் கேட்டேன்: “என்னால லைனையே மூடிடுவாங்களாம்மா?”

இரண்டு முறையும் “தேய்ங்க சார்” என்றவள் இப்போது நிமிர்ந்தாள்.

“வண்டி ஏறலைன்னா மூடிடுவாங்க. உங்களாலதான். அந்த வளைவு இன்னும் வழுக்குது, வாங்க.”