செய்தி எண் பதினேழு

"பேஷன்ட் இந்திராணி. ஆபரேஷனுக்குக் கணவர் சம்மதம் உடனே வேண்டும். பதில் சொல்லுங்கள், ஹட் பே. ஓவர்."

"சம்மதம்னு சொல்லுங்க சார்," என்றான் ஜெகநாதன்.

ஹட் பே வயர்லெஸ் ஆபரேட்டர் இராமகிருஷ்ணன் மைக்கின் பொத்தானை அழுத்தினார். மீட்டர் ஊசி பன்னிரண்டிலிருந்து எட்டுக்கு விழுந்தது. வயர்லெஸ் செட்டின் விளக்கு அணைந்தது. பொத்தானை விட்டதும் ஊசி மெல்ல ஏறியது. போர்ட் பிளேயர் குரல் அதே கேள்வியைக் கேட்டது.

"அவங்க பேசுறது நல்லா கேக்குதே சார்."

"கேக்கக் கொஞ்சம் கரன்ட் போதும்ப்பா. பேசத்தான் நிறைய வேணும். அமுக்குனதும் பாட்டரி படுத்துடுது."

பாட்டரியை சார்ஜ் செய்யும் ஜெனரேட்டரின் பெல்ட் அறுந்து ஆறு நாள். புது பெல்ட்டோடு கப்பல் தீவுக்கு வெள்ளிக்கிழமைதான் வரும். பாட்டரி கழற்றிக்கொள்ள இருந்த ஒரே டிராக்டரும் காட்டுக்குள் சேற்றில் கிடந்தது.

"குழந்தை குறுக்கே கிடக்குன்னு போன கப்பல்ல அவளை போர்ட் பிளேயருக்குத் தனியா அனுப்புனேன். நானும் போறேன்னு கேட்டா, 'சுட்டி நஹி', லீவு கிடையாதுன்னுட்டான் கான்ட்ராக்டர்."

இராமகிருஷ்ணன் மறுபடி அழுத்தினார். மறுபடி விளக்கு அணைந்தது.

"அந்தப் பக்கம் பேசுறவர் நம்மாளா சார்?"

"பாலசுப்பிரமணியம். தமிழாளுதான், மனுஷனான்னு தெரியல. போன மாசம் ஒரு எழுத்து விட்டுப்போச்சுன்னு செய்தி முழுக்கத் திரும்பப் படிக்கச் சொன்னான். காதுல விழாம அவன் பேனா நகராது."

ஒன்பதாவது முறை ஊசி ஐந்துக்குப் போனது.

"இனி அமுக்குனா கேக்குறதும் போயிடும்," என்று மைக்கை ஆணியில் மாட்டினார். மணி மூன்றரை.

ஜெகநாதன் செட்டின் அருகே குனிந்தான். "சம்மதங்க. ஆபரேஷன் பண்ணிடுங்க," என்று அதனிடமே சொன்னான்.

"அவனுக்குக் கேக்காதுப்பா."

"தெரியும் சார்."

குரல் இன்னும் மூன்று முறை கேட்டது. அதே சொற்கள், அதே வரிசை.

"மரக்கட்டை," என்றார் இராமகிருஷ்ணன்.

பிறகு அதுவும் நின்றது. தகரத்தின் மேல் மழை மட்டும்.

நாலரைக்குச் செட் மறுபடி கரகரத்தது. அதே குரல்.

"ஹட் பே. உங்கள் செய்தி எண் பதினேழு, 'கணவர் சம்மதம்', நாலு பத்துக்குத் தெளிவாகக் கிடைத்தது. ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தாகிவிட்டது. ஓவர்."

ஜெகநாதன் எழுந்தான். "போய்ச் சேர்ந்துடுச்சா சார்?"

இராமகிருஷ்ணன் ஆணியில் தொங்கிய மைக்கைப் பார்த்தார்.

"சேர்ந்துடுச்சு."

"பிழைச்சுக்குவாளா?"

"அதைச் சொல்லல."

"கேட்டுப் பாருங்களேன்."

"கேக்க முடியாதேப்பா."

ஜெகநாதன் தரையில் உட்கார்ந்துகொண்டான்.

இராமகிருஷ்ணன் பதிவேட்டைத் திறந்தார். 'அனுப்பியவை' பக்கத்தில் பதினாறுக்குக் கீழே பதினேழு என்று எழுதி, நேரத்துக்கான கட்டத்தில் நாலு பத்து என்று நிரப்பினார்.