ஐந்தாம் இலக்கப் போத்தல்

பேர்ணடெற்றின் பை பஸ் முழுக்கக் கேட்கும்படி கலகலத்தது.

துவாயில் சுற்றி அரிசிப் பைக்குள் வைத்த மூன்று பியர் போத்தல்கள். மல்வேர்னில் ஏறியதிலிருந்து வோபர்னில் இறங்கும்வரை அதைக் கைக்குழந்தைபோல மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தாள். ஐம்பத்தாறு வயதில் நெஞ்சு இப்படி அடிப்பது அவளுக்கே சிரிப்பாக இருந்தது.

வீட்டில் பியர் காய்ச்சுகிறவர்களின் சங்கம் மாதத்தில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் ஒருவருடைய கராஜில் கூடும். இன்றுதான் அவள் முதல்முறை போகிறாள். கோயில் ஆட்களுக்கு அவள் வீட்டில் நுரைப்பது இஞ்சிச் சோடா.

பரிசு ஒன்றும் வேண்டாம். முன்பின் தெரியாத ஒருவர் அதைக் குடித்துவிட்டு, யாரும் எடுத்துக்கொடுக்காமல், கேக் என்று ஒரு சொல் சொல்லவேண்டும். அது போதும்.

இருபது வருடமாக ஸ்காபரோவில் பாதிப்பேருக்குக் கிறிஸ்மஸ் கேக் அடித்துக் கொடுத்தவள் அவள். நாலு வருடத்துக்கு முன் திடீரென்று நிறுத்திவிட்டாள். கேட்டவர்களிடம் முழங்கால் நோ என்றாள். நம்மவர்கள் நோய் என்றால் குறுக்குக் கேள்வி கேட்கமாட்டார்கள், ஆளுக்கொரு எண்ணெய்தான் சொல்வார்கள்.

அந்தக் கேக்கைத்தான் இந்தப் பியருக்குள் இறக்கப் பார்த்திருந்தாள். கறுவா, கராம்பு, ஏலக்காய், பிளம்ஸ், கடைசியில் ஒரு மூடி றோஸ் எசன்ஸ். பழைய கேக் கொப்பியைத் திறந்து வைத்து, வெப்பமானியைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொன்றையும் கிராம் கணக்கில் நிறுத்துப் போட்டிருந்தாள்.

கணவர் சீமோன் குடித்துப் பார்த்து நல்லாயிருக்கு என்றார். அது செல்லாது. உப்பே போடாத சொதியை நல்லாயிருக்கு என்று சொல்லி இரண்டாந்தரமும் வாங்கிச் சாப்பிட்ட மனிதர் அவர்.

கராஜில் எட்டுப்பேர் இருந்தார்கள். சங்கத்தின் செயலாளர் ஸ்டெபனி இங்கே பிறந்த தமிழ்ப்பிள்ளை. அவள் ஓடிவந்து போத்தல்களை வாங்கி, மண்ணிறக் கடதாசிப் பைக்குள் வைத்து, ஐந்து என்று இலக்கம் போட்டாள். எது யாருடையது என்று கடைசிவரை வாய் திறக்கக்கூடாது, அதுதான் சட்டம்.

இன்னொரு சட்டமும் இருந்தது. பாராட்டு வேண்டாம், குறையை முதலில் சொல்லவேண்டும். பேர்ணடெற்றுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. இப்படி ஓரிடத்தைத்தானே அவள் தேடிக்கொண்டிருந்தாள்!

முதல் போத்தலை அவளிடமே ஊற்றக் கொடுத்தார்கள். விருந்தாளிக்கு ஊற்றுகிற கை, கிளாஸை விளிம்புவரை நிரப்பிவிட்டது. சுவைத்துப் பார்க்க இரண்டு விரல் உயரம் போதும் என்று எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

ஒவ்வொரு பியருக்கும் ஒரு தாள். நிறம், நுரை, மணம், ருசி, குறை என்று கட்டங்கள். நிறத்துக்கும் நுரைக்கும் இடம் போதாமல் எழுதினாள். பலாச்சுளை மஞ்சள், விளக்குமாற்றுக்குச்சி நிறம், சவர்க்கார நுரை, மெதுவாக அடங்குகிறது. மணத்திலும் ருசியிலும் மட்டும் நாலுக்கும் ஒரே பதில்.

ஸ்டெபனி எட்டிப் பார்த்தாள். "அன்ரி, நல்லாயிருக்கு எண்டு எழுதினாச் செல்லாது. என்ன மணக்குது, அதை எழுதுங்கோ."

"எங்கட ஆக்களுக்குக் குறை சொல்ல வராது பிள்ளை," என்றாள் பேர்ணடெற்.

ஐந்தாவது பை வந்தது.

சங்கத் தலைவர் ஓய்வுபெற்ற சப்வே சாரதி. கிளாஸை மூக்கருகே பிடித்து நீண்ட நேரம் மணந்து பார்த்தார். கராம்பு கூடிவிட்டது, பல் வைத்தியரின் அறைக்குள் போனதுபோல இருக்கிறது என்றார். பேர்ணடெற்றுக்கு அவரைக் கட்டிப்பிடிக்கவேண்டும்போல இருந்தது. கராம்பு இருக்கிறது!

அடுத்தவர் எரித்த சீனி என்றார். அதற்கடுத்தவர், அவள் போடவே போடாத தோடம்பழத்தோல் என்றார். மற்றவர்கள் அதையே திருப்பிச் சொன்னார்கள். பேர்ணடெற் பென்சிலை இறுக்கிப் பிடித்தாள். கேக் வரவில்லை.

கடைசி ஆள் ஸ்டெபனி. மணந்தாள். கிளாஸைக் கீழே வைத்தாள். மறுபடி எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு மணந்தாள்.

"ஓ மை கோட், உது கிறிஸ்மஸ் கேக்! அம்மா ஆரோ ஒரு அன்ரியிட்ட ஓடர் பண்ணி எடுக்கிறவ. இப்ப அந்த அன்ரி செய்யிறேல்லயாம்."

பேர்ணடெற் கதிரை விழ எழும்பிவிட்டாள். "அது நான் காய்ச்சினது!"

சட்டம் பறந்துபோனது. கராஜ் முழுக்கக் கைதட்டியது. தலைவர் ஐந்தாம் இலக்கப் போத்தலில் இருந்து ஒரு கிளாஸை, இந்தமுறை விளிம்புவரை, நிரப்பி அவளிடம் நீட்டினார். அவளுடைய பியருக்கான தாளையும் அவளே நிரப்பவேண்டும் என்றார்.

அவள் குடித்தாள். குளிர்ந்தது. நுரை நாக்கில் குத்தியது.

அவ்வளவுதான். நாலு வருடத்துக்கு முன் வந்த காய்ச்சல் போகும்போது மணத்தையும் ருசியையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. திரும்பி வரலாம் என்று டொக்டர் சொன்னார், வரவில்லை. சீமோனுக்கு மட்டும்தான் தெரியும்.

பேர்ணடெற் ஸ்டெபனியின் தாளைக் கேட்டு வாங்கிக் கிளாஸுக்குப் பக்கத்தில் வைத்தாள். ஏலக்காய் என்று வாசித்து ஒரு மிடறு குடித்தாள். றோஸ் என்று வாசித்து இன்னொரு மிடறு. கேக் என்ற இடத்தில் கிளாஸ் முடிந்துவிட்டது.

பிறகு தன் தாளில் குறை என்ற கட்டத்தைத் தேடி எழுதினாள்: கராம்பு கூடிவிட்டது, அடுத்தமுறை இரண்டு கிராம் போதும்.