மூத்தவளின் பெயர்

"அம்மா, உண்மையைச் சொல்லுங்கோ. நான் நீங்கள் பெத்த பிள்ளைதானோ?"

இத்தாலியின் பலெர்மோ நகரத்துப் பல்லரோச் சந்தையில் வாங்கிவந்த மீனை வெட்டிக்கொண்டிருந்த றோசமலரின் கை அப்படியே நின்றது.

"என்ன விசர்க்கதை கதைக்கிறாய், தர்சனா?"

தர்சனாவுக்குக் காலையிலிருந்தே இருப்புக்கொள்ளவில்லை. அவளைவிட இரண்டு வயது இளைய தங்கை வினோனா. நாளை பள்ளியில் தன் பெயரின் பொருளைப் பற்றிப் பேசவேண்டுமாம். "நீ தேடிப் பாத்துச் சொல்லு அக்கா" என்று கேட்டுவிட்டுப் போயிருந்தாள். கைபேசியில் தேடிய தர்சனா, இரண்டு வரி படித்ததும் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"வினோனா எண்டால் என்ன அர்த்தம் எண்டு தெரியுமோ?"

"அமெரிக்காவிலை கனபேர் வைக்கிற பேர். வடிவாய் இருக்கெண்டு வைச்சது."

"கனபேரோ? அது ஒரு காலத்திலையாம். இப்ப அங்கையே ஒண்டிரண்டு பேர்தான் வைக்கினம். பலெர்மோவிலை இவளைத் தவிர வேற ஆருக்கும் இந்தப் பேரை நான் கேள்விப்படேல்லை." தர்சனா கைபேசியை நீட்டினாள். "டகோட்டா எண்டு அமெரிக்காவின்ர பழங்குடிச் சனம் இருக்கினமாம். முதல் பிள்ளை பொம்பிளைப் பிள்ளையாய்ப் பிறந்தால் அவை வைக்கிற பேர் அது. ரெண்டாவது பிள்ளைக்கு ஏன் வைச்சனீங்கள்?"

றோசமலர் மீனைத் தொட்டியில் போட்டாள். தண்ணீர்க் குழாயைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள்.

"கோயிலிலை எல்லாரும் வினோனாதான் உங்களை உரிச்சு வைச்சிருக்கிறாள் எண்டு சொல்லுகினம். என்னை ஒருத்தரும் அப்பிடிச் சொன்னதில்லை. என்னை எங்கையிருந்து எடுத்தனீங்கள்?"

"மெதுவாக் கதை. தங்கச்சி வாற நேரம்."

"வரட்டும்! அவளுக்கும் தெரியட்டும். நான் வேணுமெண்டால் வீட்டை விட்டுப் போறன்!"

றோசமலர் ஈரக்கையோடு வந்து மகளின் வாயைப் பொத்தினாள். கண்கள் கலங்கியிருந்தன.

"அந்தோனியார் ஆணை, நீ என்ர வயித்திலை பிறந்தவளடி."

"அப்ப ஏன் அவளுக்கு அந்தப் பேர்?"

மாடிப்படியில் வினோனா ஏறிவரும் சத்தம் கேட்டது. றோசமலர் குரலைத் தாழ்த்தினாள்.

"நாங்கள் முந்தி இந்த ஊர்க் கால்சாப் பகுதியிலை இருக்கேக்கை பக்கத்து அறையிலை ஆரோக்கியமேரி எண்டொருத்தி இருந்தவள். வேலை செய்த வீட்டு அமெரிக்கக்காரி அவளுக்குச் சொல்லிக்குடுத்த பேர் அது. பிள்ளையைப் பெத்த கையோட அந்தப் பேரைச் சொல்லி, என்ர மடியிலை தந்திட்டுக் கண்ணை மூடிட்டாள். அவளுக்கு இவள்தானேயடி மூத்தவள்!"