நிற்காத முள்

திருவாலங்காட்டு வயலோரக் கொட்டகையில், பூமியதிர்ச்சியைப் பதிவு செய்யும் கருவியின் முன்னால், நெற்றி நிறைய நாமத்தோடு எம்பார் உட்கார்ந்திருக்கிறார். சுழலும் காகிதத்தில் முள் நடுங்கி நடுங்கிக் கோடு இழுக்கிறது. கருவி வந்த நாளாய் அது எழுதியதெல்லாம் கூட்ஸ் வண்டியும், பக்கத்துக் களத்தில் கதிர் மிதிக்கும் முனுசாமியின் மாடுகளும்தான். இப்படியே போனால் கருவியை வேறு ஊருக்குத் தூக்கிவிடுவார்கள். அலுப்போடு எம்பார் எழுந்து ஜன்னலில் துண்டை வீசுகிறார். வீசினால் மாட்டை நிறுத்துவது அவருக்கும் முனுசாமிக்குமான ஏற்பாடு. மாடுகள் நிற்கின்றன. நெல் தூற்றும் மணியம்மாளும் தூக்கிய முறத்தோடு நிற்கிறாள். வெயிலில் பதர் மட்டும் பொன்னாய் இறங்குகிறது. தண்டவாளத்தில் ஓசையே இல்லை. முள்ளோ இன்னும் பெரிதாக ஆடுகிறது. "யாரும் அசையாதீங்கோ! இது நிஜமாவே பூகம்பம்!" "எந்த ஊர்ல ஐயரே?" என்கிறான் முனுசாமி. "எங்கேயோ தூரத்துல. பெருமாளே, மனுஷா இல்லாத கடலுக்கடியிலயா இருக்கட்டும்! நானும் தந்தி அடிச்சு, மத்த ஊர்ல இந்தக் கருவி வெச்சிருக்கறவாளும் அடிச்சாத்தான் இடம் தெரியும்." சந்தோஷம் தாங்காமல் குதிக்கக் காலைத் தூக்கியவர், குதித்தால் அதையும் முள் எழுதிவிடுமே என்று தூக்கிய காலோடு அப்படியே நிற்கிறார். ஜன்னல் வழியே பார்த்த மணியம்மாள் முறம் குலுங்கச் சிரிக்கிறாள். "இன்னா ஐயரே, நாமத்தப் போட்டுக்கினு எங்க நடராசரு மாதிரி காலத் தூக்கிக்கினு நிக்கிறீங்க!" எம்பார் காலை இறக்கவில்லை.