பாதி விலைக் கிரீடம்

பாம்புப் புற்றிலிருந்து ஒரு வைரக் கிரீடத்தைத் தூக்கிக்கொண்டு எலியும் பல்லியும் சந்தைக்கு வந்தன. கூடப் போன தவளை திரும்பவில்லை.

கடைக்காரப் பெருச்சாளி கிரீடத்தைப் புரட்டிப் பார்த்தது. "ஆயிரம் பொன் பெறும். ஐந்நூறு தருகிறேன்."

"ஆயிரம் பெறும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள், அண்ணாச்சி?" என்றது எலி.

"வாங்க வந்தால் ஆயிரம். விற்க வந்தால் பாதி. எல்லாக் கடையிலும் இதுதான் வழக்கம்."

"எங்கள் தவளை செத்துப்போனதே" என்றது பல்லி.

"அதனால் பங்கு மூன்றாகப் பிரியாமல் இரண்டாகப் பிரிகிறது. உங்களுக்கு லாபம்தான்."

கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஐந்நூறுக்கும் அதே கடையில் அடுத்த வேட்டைக்குக் கயிறும் விளக்கும் வாங்கிக்கொண்டன, முழு விலைக்கு.

அப்போது பாம்பு கடைக்குள் நுழைந்தது. இரண்டும் மூட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டன. பாம்பு பேரம் பேசாமல் ஆயிரம் பொன்னை வைத்துக் கிரீடத்தை எடுத்துக்கொண்டது.

"சொந்தக் கிரீடத்தையே இன்னும் எத்தனை தடவைதான் வாங்குவீர்கள்?" என்றது பெருச்சாளி.

"இது புற்றில் இருந்தால்தானே எனக்குச் சாப்பாடு வீடு தேடி வருகிறது" என்று சொல்லிவிட்டுப் பாம்பு போனது.

மூட்டைக்குப் பின்னால் பல்லி கயிற்றைக் கீழே வைத்தது. எலி அதை எடுத்துப் பல்லியிடமே கொடுத்தது.

"இந்தத் தடவை நீ முன்னால் போ" என்றது. "நான் விளக்குப் பிடிக்கிறேன்."